நவராத்திரி பஜனையில் கிட்டார் சலங்கை மாதிரி கேட்டது எப்படி?



நவராத்திரி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகுது. இன்னும் வாட்ஸ்அப்ல கேள்வி நிக்கல. "புது கிட்டார் வாங்கிட்டீங்களா?" "வெளியில இருந்து ஆள் கூப்பிட்டீங்களா?" "அந்த ஜல் ஜல் சத்தம் எங்க இருந்து வந்துச்சு?" பிரிக்பீல்ட்ஸ், ஷா ஆலம் பக்கம் உள்ள ரெண்டு மூணு பஜனைக் குழுக்களும் விவரம் கேட்டிருக்காங்க. தனித்தனியா பதில் எழுத நேரம் கிடைக்கல, எங்களுக்கு ஷிப்ட் வேலை. அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல சுருக்கமான பதில். கிட்டார் அதே பழைய கிட்டார்தான். வாசிச்சதும் நம்ம தம்பிதான். நடுவுல ஒரு சின்னப் பெட்டி சேர்ந்திருக்கு. அதுக்குப் பேர் கம்ப்ரெஸர். செகண்ட் ஹேண்டா 220 வெள்ளி. ஒரு உபயக்காரர் பேர் போட வேண்டாம்னு சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

ஆனா பெட்டியை வாங்கி வச்சதும் எல்லாம் சரியாகல. அது ஏன் தேவைப்பட்டுச்சுங்கிற கதையையும் சொன்னாத்தான் மத்த கோயில்காரங்களுக்கு உதவும்.

நம்ம வெள்ளிக்கிழமை பஜனை எல்லாருக்கும் தெரியும். ஆர்மோனியம், தபேலா, நாலஞ்சு ஜோடி கைத்தாளம், மத்தபடி நம்ம குரல். முன்வரிசையில் உட்கார்ந்து நாமாவளி எடுத்துக் கொடுக்கிற அம்மாவுக்கு இப்போ எழுபது வயசு தாண்டிடுச்சு. தோட்டத்துக் கோயில்ல பாடி வளர்ந்தவங்க. தோட்டம் போய் தாமான் வந்த பிறகும் பாட்டை விடாதவங்க. அவங்க முதல் வரி எடுக்கலைன்னா நமக்குப் பஜனை தொடங்கின மாதிரியே இருக்காது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்தத் தம்பி எலக்ட்ரிக் கிட்டாரோட வந்து நின்னான். எஸ்.பி.எம். முடிச்ச பையன். அவன் பின்னாலேயே இன்னும் நாலு பையன்க வந்தாங்க. அதுக்கு முன்னால பஜனையில முப்பது வயசுக்குக் கீழே ஒரு ஆம்பளைப் பிள்ளையும் கிடையாது. இப்போ செருப்பு அடுக்க, பிரசாதம் எடுத்துக் கொடுக்க, தேர் இழுக்க அந்த அஞ்சு பேரும்தான் முன்னால நிக்கிறாங்க. இதை எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீங்க.

இந்த வருஷம் ஆடி மாசத்துல பிரச்சினை வந்துச்சு. கிட்டார் ஒரு நேரம் காதைக் கிழிக்குது, ஒரு நேரம் இருக்கிற இடமே தெரியலன்னு பல பேர் சொன்னாங்க. அம்மா கோபப்படல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க: "தம்பி நல்லாத்தான் வாசிக்கிறான். ஆனா அவன் வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேக்கல." அப்புறம் அவங்க முன்வரிசையை விட்டுப் பின்னால தூண் பக்கம் போய் உட்கார ஆரம்பிச்சாங்க. செயலவைக் கூட்டத்துல பேச்சு வந்துச்சு. நவராத்திரிக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா கிட்டார் வேண்டாம்னு முடிவாச்சு.

ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. அம்மா போயிட்டா பஜனையோட உயிர் போயிடும். கிட்டார் போனா அஞ்சு பிள்ளைகளும் போயிடும். திரும்ப வருவாங்களான்னு யாருக்கும் தெரியாது. அந்த வயசுல கோயில் வாசலைத் தாண்டிப் போற பிள்ளைங்க எங்க போய் நிக்கிறாங்கன்னு கிள்ளான்ல இருக்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால யார் பக்கமும் சாயாம, சத்தத்தை மட்டும் எடுத்து ஆராய்ஞ்சோம். எங்க குழுவுல பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க. மெஷின் கோளாறு பண்ணினா ஆபரேட்டரைத் திட்டி லாபமில்ல, கோளாறு எங்க ஆரம்பிக்குதுன்னு பார்க்கணும். அந்தப் பழக்கம் இங்க கை கொடுத்துச்சு.

கிட்டார் கம்பியைத் தட்டின அந்த நொடியில சத்தம் உச்சத்துக்குப் போகுது. அடுத்த நொடியே சரசரன்னு இறங்கிடுது. ஆர்மோனியம் அப்படியில்ல, காத்து போற வரைக்கும் ஒரே அளவா நிக்கும். அதனால கிட்டார் கேக்கணும்னு மிக்சர்ல ஏத்தினா, அந்த முதல் தட்டு ஆணி அடிச்ச மாதிரி காதுல இறங்குது. அம்மாவோட குரலை மறைச்சது அதுதான். காது வலிக்குதுன்னு இறக்கினா, தட்டுக்குப் பின்னால வர்ற இனிமையான ரீங்காரம் மொத்தமும் தபேலாவுக்குள்ள காணாமப் போகுது. ஏத்தினாலும் தப்பு, இறக்கினாலும் தப்பு. மிக்சர் பக்கம் உட்கார்ந்த அண்ணன் ஏன் ராத்திரி பூரா கையை எடுக்காம திருகிக்கிட்டே இருந்தார்னு அப்பதான் புரிஞ்சது.

இந்த இடத்துலதான் கம்ப்ரெஸர் வருது. கம்ப்ரெஸர்னா எங்களுக்குத் தெரிஞ்சது காத்து கம்ப்ரெஸர்தான். ஃபேக்டரியில பைப்புல வர்ற காத்தோட அழுத்தம் ஏறி இறங்கும். பக்கத்து மெஷின் இழுத்தா குறையும், அது நின்னா கூடும். அதனால ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலயும் ரெகுலேட்டர் இருக்கும். பைப்புல 7 பார் வந்தாலும் 6 பார் வந்தாலும், மெஷினுக்கு 5 பார்னு வச்சா அஞ்சுதான் போகும். கிட்டார் பெட்டிக்குக் கம்ப்ரெஸர்னு பேர் இருந்தாலும், அது பார்க்கிறது ஏறக்குறைய இந்த ரெகுலேட்டர் வேலைதான்.

சத்தத்துக்கு ஒரு கோடு இருக்கும். கோட்டைத் தாண்டி வர்றதை மட்டும் அது அமுக்கும். நாலுக்கு ஒண்ணுன்னு வச்சா, கோட்டை 8 டெசிபெல் தாண்டி வர்ற சத்தம் 2 டெசிபெல் மட்டும்தான் தாண்டி வெளியே போகும். உச்சி குறைஞ்சதும் மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கி விடலாம். அப்போ முன்னால காதுல விழாத அந்த ரீங்காரம் மேல வருது. தட்டு அடங்குது, வால் நீளுது. ஆறு கம்பியும் ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது சேர்ந்து கலகலன்னு ஒலிக்குது. நீங்க கேட்ட சலங்கைச் சத்தம் அதுதான்.

இதுக்கு ஒரு பழைய வரலாறும் இருக்கு. தம்பி தேடிப் படிச்சுச் சொன்னது, எங்களுக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. 1964ல பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு ரிக்கன்பேக்கர் கம்பெனியோட 12 கம்பி எலக்ட்ரிக் கிட்டார் வந்துச்சு. அந்த வருஷம் வந்த அவங்க படத்துல அதைப் பார்த்து, அமெரிக்காவுல தி பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்குயின் அதே வகை கிட்டார் வாங்கினார். 12 கம்பியும் ஆறு ஜோடி. கீழ் சுரம் உள்ள நாலு ஜோடியில ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பி ஒரு ஸ்தாயி மேல இருக்கும். மேல் ரெண்டு ஜோடியும் ஒரே சுரம். அந்தக் கிட்டார் தனியா வாசிச்சா மொத்து மொத்துன்னுதான் இருக்கும்னு அவரே சொல்லியிருக்கார். 1965ல ரெக்கார்டிங்குக்குப் போனப்போ, இந்த ராக் இசைச் சத்தம் தன்னோட கருவிகளைக் கெடுத்துடும்னு ஸ்டூடியோ எஞ்சினியருக்குப் பயம். அதனால எல்லாத்துக்கும் கம்ப்ரெஸர் போட்டு அமுக்கினார். அமுக்கினதும் கிட்டார் மணி மாதிரி ஒலிக்க ஆரம்பிச்சது. அது பிடிச்சுப் போய், ஒண்ணுக்கு ரெண்டு கம்ப்ரெஸரா வரிசையில போட்டு, ஆம்ப்ளிஃபையர் இல்லாம நேரா மிக்சருக்குக் கொடுத்தாங்க. ஒரு சுரம் மூணு நாலு விநாடி நின்னுச்சாம்.

யோசிச்சுப் பாருங்க. சத்தத்துக்குப் பயந்த ஒருத்தர் வச்ச கட்டுப்பாட்டுலதான் உலகமே கொண்டாடின அந்த ஒலி பிறந்திருக்கு. இதைக் கேட்டதும் எங்களுக்கு நம்ம அம்மா ஞாபகம்தான் வந்துச்சு.

இன்னொரு விஷயம். சுரம் அப்படி நீண்டு நிக்க ஆரம்பிச்சதால, அதே மெக்குயின் 1966ல கிட்டாரை ஊது கருவி மாதிரி வாசிக்கப் போனார். அந்த நேரத்துல அவங்க குழு விடாம கேட்டுக்கிட்டிருந்தது ரெண்டு பேரை. ஒருத்தர் சாக்ஸபோன் வாசிச்ச ஜான் கோல்ட்ரேன். இன்னொருத்தர் சித்தார் மேதை ரவிசங்கர். நம்ம ஊர் நாதம் அந்தக் கிட்டாரையும் தொட்டிருக்கு.

இங்க மலேசியாவுலயும் அறுபதுகள்ல கிட்டார் குழு வச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. மலாய்ல குகிரான்னு சொல்வாங்க. பாப் யே யே பாட்டெல்லாம் அதுதான். அந்தச் சுத்தமான, கணீர்னு கேக்கிற கிட்டார் ஒலி நம்ம அப்பா, பெரியப்பா காதுகளுக்குப் புதுசு இல்ல. எலக்ட்ரிக் கிட்டார் நேத்து வந்த கூத்துன்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றோம்.

கோயில் இசைக்கும் கரண்டுக்கும் சம்பந்தம் கிடையாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு பேர் போதும். மேண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969ல ஆந்திராவுல பாலக்கொல்லுல பிறந்து 2014ல மறைஞ்சவர். மேண்டலினுக்கு நாலு ஜோடிக் கம்பி, சத்தம் டிங்குன்னு வந்து உடனே செத்துடும். அதுல கமகம் நிக்காது. அதனால எலக்ட்ரிக் மேண்டலின் எடுத்து, ஜோடிக் கம்பியை விட்டுட்டு அஞ்சு ஒற்றைக் கம்பி போட்டு வாசிச்சார். சின்னப் பிள்ளையா மேடை ஏறி, பெரிய வித்வான்கள் தலையாட்டுற அளவுக்குக் கர்நாடக சங்கீதத்தையே அதுல வாசிச்சார். அவருக்கும் முதல் தேவை இதுதான்: தட்டின சுரம் சாகக் கூடாது.

பாட்டு கத்துக்கிற நம்ம பாப்பா ஒண்ணு இன்னொண்ணும் சொல்லுச்சு. தம்புராவுல கம்பிக்கும் குதிரைக்கும் நடுவுல ஒரு சின்ன நூல் வைப்பாங்க, ஜீவாளின்னு பேர். அந்த நூல் சரியான இடத்துல நின்னாத்தான் கம்பி ரீங்காரம் போடும். அது வேற வழி, கரண்டே இல்லாத வழி. ஆனா தேடுறது ஒண்ணுதான். ஒரு சுரம் நீண்டு நின்னு, பாடுறவங்களுக்குக் கீழே பாய் விரிச்ச மாதிரி இருக்கணும்.

சரி, வேலைக்கு வருவோம். மத்த குழுக்கள் கேட்ட செட்டிங் விவரம் இதோ. எங்க கையில இருக்கிறது பாஸ் சி.எஸ்.3. அதுல நாலு குமிழ்: லெவல், டோன், அட்டாக், சஸ்டெய்ன். வேற பெட்டியா இருந்தாலும் முறை ஒண்ணுதான்.

கிட்டார்ல இருந்து நேரா கம்ப்ரெஸர், அதுக்குப் பிறகுதான் மத்தது எல்லாம். எதிரொலி, கோரஸ் மாதிரி எதுவும் முன்னால வேண்டாம். டிஸ்டார்ஷன் கிட்டவே வேண்டாம். கிட்டார்ல பாலத்துப் பக்கம் இருக்கிற பிக்கப்பை வைங்க, ஒலி பளிச்சுன்னு வரும். கம்பி புதுசா இருக்கணும். துருப்பிடிச்ச கம்பிக்கு எந்தப் பெட்டியும் உயிர் கொடுக்காது.

அட்டாக் குமிழ்தான் முக்கியம். அமுக்குற வேலை உடனே ஆரம்பிச்சா முதல் தட்டும் சேர்ந்து செத்துடும். மெழுகு பூசின மாதிரி வழவழன்னு கேக்கும், சலங்கை கேக்காது. ஒரு கண் சிமிட்டுற நேரத்துக்கும் குறைவா அந்தத் தட்டைத் தப்ப விட்டு, அதுக்குப் பிறகு அமுக்கணும். தட்டு மணியோட நாக்கு மாதிரி, ரீங்காரம் மணியோட உடம்பு மாதிரி. ரெண்டும் வேணும். தம்பி வாசிச்சுக்கிட்டே திருக, ஒருத்தர் அம்மா வழக்கமா உட்கார்ற இடத்துல போய் உட்கார்ந்து கேட்டார். கிட்டார் பக்கத்துல நின்னு கேட்டு செட்டிங் வைக்காதீங்க.

சஸ்டெய்ன் பாதிக்கு மேல போகாதீங்க. ஏத்த ஏத்த நல்லா இருக்கிற மாதிரி தோணும். ஆனா கம்ப்ரெஸர் மெல்லிய சத்தத்தைத் தூக்குது இல்லையா, அது நல்லது கெட்டது பார்க்காது. சீரியல் லைட்டு, ஃபேன் ரெகுலேட்டர், மட்டமான அடாப்டர் எல்லாத்தோட இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். பாட்டு நின்ன இடத்துல "உஸ்ஸ்"னு கேக்கும். நாங்க கிட்டார் ஒயரை லைட்டு ஒயர் பக்கமே போகாம தனியா இழுத்தோம். பெட்டிக்கு 9 வோல்ட் பேட்டரி போட்டோம். இரைச்சல் பாதி போச்சு.

மைக்குலயும் இதே மாதிரி அமுக்கலாமான்னு கேட்டீங்க. சில சின்ன மிக்சர்கள்லயே அதுக்கு ஒரு குமிழ் இருக்கு. கொஞ்சமா வைக்கலாம். அதிகமா வச்சா மைக் கூவும். மூலஸ்தானத்துல தீபாராதனை நடக்கும்போது ஸ்பீக்கர் ஊளையிட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கடைசியா, இதெல்லாம் வச்ச பிறகு கிட்டார் ஃபேடரை இறக்குங்க. பெட்டி வாங்கினது சத்தத்தைக் கூட்ட இல்ல. உச்சி அடங்கினதால, முன்னால இருந்ததை விட நல்லா இறக்கி வச்சும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்குது.

தம்பியோட வாசிப்பும் மாறிச்சு. அதைச் சொல்லாம விட்டா பெட்டிக்கு மட்டும் மாலை போட்ட மாதிரி ஆகிடும். முன்னால ஆறு கம்பியையும் சேர்த்து வாரி அடிப்பான். இப்போ ஒவ்வொரு கம்பியா எடுத்து வாசிக்கிறான். ரீங்காரம் தானா நிக்கிறதால அடிச்சுக்கிட்டே இருக்கத் தேவையில்ல. ஆறு வாரம் வேலை முடிஞ்சு வந்து தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். அம்மா ஸ்ருதிக்கு ஏத்த மாதிரி கேப்போ போட்டுக்கிட்டு, அவங்க முதல் வரி எடுக்கும்போது கையைக் கம்பி மேல வச்சு நிறுத்திடறான். அவங்க எடுத்துக் கொடுத்த பிறகுதான் உள்ளே வர்றான். இதை எந்தக் குமிழும் செய்யாது.

இன்னொண்ணும் கவனிச்சோம். நாமாவளி முடிவுல வேகம் கூடும், எல்லாரும் குரலை உயர்த்துவோம். கம்ப்ரெஸர் போட்ட கிட்டார் அந்த இடத்துல நம்மோட சேர்ந்து பெருசாகாது, அதே அளவுதான் நிக்கும். முதல்ல குறையா தெரிஞ்சது. பிறகு அதுவே நல்லதுன்னு பட்டுச்சு. ஏற வேண்டியது நம்ம குரலும் தபேலாவும் கைத்தாளமும்தான். விருத்தம் பாடும்போது மட்டும் தம்பி பெட்டியைக் காலால அணைச்சுடறான். அங்க மெல்ல ஆரம்பிச்சு பெருகி அடங்குறதுதான் அழகு, அதைச் சமப்படுத்தக் கூடாது.

நவராத்திரி முதல் நாள் அம்மா தூண் பக்கமேதான் உட்கார்ந்தாங்க. ரெண்டாம் நாளும் அப்படித்தான். யாரும் எதுவும் கேக்கல. மூணாம் நாள் பஜனை நடுவுல எழுந்து வந்து முன்வரிசையில தன்னோட பழைய இடத்துல உட்கார்ந்தாங்க. அடுத்த நாமாவளியை அங்க இருந்தே எடுத்தாங்க. முடிஞ்சதும் தம்பியைக் கூப்பிட்டு, "அந்தச் சலங்கை மாதிரி வருதே, அதை நிறுத்தாதே"ன்னாங்க. கம்ப்ரெஸர்னா என்னன்னு அவங்களுக்கு நாங்க விளக்கல, அவங்களும் கேக்கல.

சரஸ்வதி பூஜை அன்னைக்குப் புத்தகம், ஆர்மோனியம், தபேலாவோட அந்தச் சின்னப் பெட்டியையும் வச்சோம். சந்தனம் குங்குமம் வச்சது தம்பி. பக்கத்துல எங்க ஃபேக்டரி ஸ்பேனரும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே குடும்பம்தானே.

வயசானவங்க குறை சொன்னா அதை இளைஞர்களுக்கு எதிரா எடுத்துக்காதீங்கன்னு மத்த கோயில் இளைஞர்களைக் கேட்டுக்கிறோம். "கேக்கல"ன்னு ஒருத்தர் சொன்னா, அது கோளாறு எங்க இருக்குன்னு காட்டுற வார்த்தை. பெரியவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைங்க ஒரு கருவியோட வாசல்ல வந்து நின்னா, வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால ஒரு ஆறு வாரம் கொடுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் வழக்கம் போல பஜனை உண்டு. மத்த கோயில் குழுக்கள் கிட்டாரோட வந்தா பெட்டியை மாட்டிப் பார்க்கலாம், தம்பி காட்டித் தருவான். கட்டணம் எதுவும் இல்ல. கைத்தாளம் இருந்தா எடுத்துட்டு வாங்க. பிரசாதம் சாப்பிட்டுப் போங்க.

எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும்.

ஓம் சக்தி. 🙏